மருத்துவமனையில் பரவும் தொற்று: வசதி குறைந்த நாடுகளில் ஏன் இருமடங்கு?

ஒரு நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தவர், சேரும்போது இல்லாத வேறொரு தொற்றை அங்கே பெறுவதுண்டு. அறுவைக் காயத்தில் சீழ் பிடித்தல், சிறுநீர்க் குழாய் வழியே கிருமி புகுதல் ஆகியவை இவ்வகையின. உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையின்படி, உள்நோயாளிகள் 100 பேரில் செல்வ நாடுகளில் 7 பேருக்கும், இந்தியா உள்ளிட்ட குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் 15 பேருக்கும் இத்தகைய தொற்று ஏற்படுகிறது. பாதிக்கப்படுவோரில் பத்தில் ஒருவர் உயிரிழக்கிறார்.

பணியாளரின் அலட்சியமே இதற்குக் காரணம் என்று நீங்கள் எண்ணக்கூடும். ஆனால், கைகழுவும் தொட்டி வார்டின் மறுகோடியில் இருக்க, ஒரே செவிலியர் பல படுக்கைகளைக் கவனிக்கும்போது, ஒவ்வொரு நோயாளியையும் தொடுமுன் அங்கே சென்று வருதல் நடைமுறையில் இயலாது. உலகின் மருத்துவ நிலையங்களில் ஏறத்தாழப் பாதியில், சிகிச்சை இடத்திலும் கழிப்பறையிலும் கைத்தூய்மைக்கான அடிப்படை வசதி முழுமையாக இல்லை.

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுத் தலைநகர் பமாக்கோவில், ஒரு பெரிய மருத்துவமனை இதற்கு எளிய வழியைச் சோதித்தது. கரும்பிலிருந்து பெற்ற ஆல்கஹாலைக் கொண்டு சானிடைசரை உள்நாட்டிலேயே தயாரித்து, பயிற்சியுடன் பணியாளருக்கு வழங்கினர். கையைத் தூய்மை செய்யவேண்டிய தருணங்களில் உண்மையில் அவ்வாறு செய்யப்பட்டவை 8 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 22 விழுக்காடாக உயர்ந்தன. பெருமை கொள்ளத்தக்க அளவன்று இது; எனினும், பொருள் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் பழக்கம் மாறத் தொடங்கும் என்பது தெளிவாயிற்று.

இத்தகைய கணக்கெடுப்புகள் பெரும்பாலும் பணியாளரின் கைகளையே நோக்குகின்றன. நம் வார்டுகளிலோ நோயாளிக்கு உணவூட்டுவதும், உடல் துடைப்பதும், பல வேளைகளில் சிறுநீர்ப் பையைக் காலி செய்வதும் உடனிருக்கும் உறவினரே. ஆகவே, நோயாளியைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் சானிடைசரை 20 முதல் 30 நொடிகள் தேய்த்துக்கொள்ளுங்கள். கையில் அழுக்கு தெரிந்தாலோ, நோயாளிக்கு வயிற்றுப்போக்கு இருந்தாலோ சோப்பும் நீருமே தேவை. அதற்கு 40 முதல் 60 நொடிகள் ஆகும். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஒரு கை கொடுப்பது நம் வழக்கம். அதை விடவேண்டியதில்லை, அவரைத் தொடுமுன்னும் திரும்பி வந்ததும் கையைத் தூய்மை செய்தால் போதும்.

சிறுநீர்க் குழாயும் கையில் பொருத்திய ஊசிக்குழாயும் இன்னும் தேவையா என்று மருத்துவரிடம் நாள்தோறும் கேளுங்கள். தேவைக்கு மேல் ஒவ்வொரு நாளும் ஆபத்தைக் கூட்டும். ஊசியிடம் சிவந்தாலோ வீங்கினாலோ, நள்ளிரவானாலும் செவிலியரை அழைக்கத் தயங்க வேண்டாம்.