இத்தாலியர் நம்மைப் போன்றவர்கள்தானா?

இத்தாலிக்குப் படிக்கப் போகும் பிள்ளைக்கு உறவும் நட்பும் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு: "பயப்படாதே, அவர்களும் நம்மைப் போலத்தான்." இதில் பொய் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகக் கணக்குப்படி இத்தாலிய இளைஞர் பெற்றோர் வீட்டை விட்டு வெளியேறும் சராசரி வயது சுமார் 30. பின்லாந்திலோ ஸ்வீடனிலோ அது இருபதுகளின் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். பேரப்பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது பல வீடுகளில் தாத்தா பாட்டியின் வேலை. ஞாயிறு மதியம் குடும்பம் ஒன்றுகூடி நெடுநேரம் சாப்பிடும். ஈரத் தலையோடு வெளியே போனால் சளி பிடிக்கும் என்று அங்குள்ள அம்மாக்களும் உறுதியாக நம்புகிறார்கள். இத்தனை ஒற்றுமை இருந்தும், ஓர் இத்தாலியக் குடும்பத்தோடு மாதக்கணக்கில் வாழப் போகிற நம் மாணவருக்கு முதல் இடறல் இந்த ஒற்றுமையிலிருந்தே வருகிறது என்பது என் கருத்து. ஜெர்மனிக்கோ ஜப்பானுக்கோ போகிறவர் அங்கே எல்லாம் வேறாக இருக்கும் என்ற எச்சரிக்கையோடு போகிறார். கேட்கிறார், கவனிக்கிறார், கற்றுக்கொள்கிறார். இத்தாலிக்குப் போகிறவரோ கேட்கத் தேவையில்லை என்று எண்ணிவிடுகிறார். பாசம் ஒரே மாதிரி இருப்பதால் வீட்டு நடைமுறையும் ஒரே மாதிரி இருக்கும் என்று எதிர்பார்க்கிறார். அது அப்படி இருப்பதில்லை.

வேறு நாடுகளைவிட இத்தாலியில் வீட்டுக்குள் நடப்பது அதிக முக்கியம் பெறுவதற்குக் காரணம் இருக்கிறது. பள்ளி மாணவர் பரிமாற்றத்தை நடத்தும் ஏ.எஃப்.எஸ். அமைப்பின் இத்தாலியப் பிரிவான இன்தெர்குல்தூரா 1955 முதல் இயங்கிவருகிறது. அதன் வழியாக வரும் மாணவரை ஏற்கும் குடும்பங்கள் பணம் எதுவும் பெறுவதில்லை; ஆகவே அவர் அங்கே வாடகைக்காரர் அல்ல, குடும்பத்தில் ஒருவர். அங்கே பெரும்பாலான மேல்நிலைப் பள்ளிகள் மதியம் ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ முடிந்துவிடும். சில பள்ளிகளுக்குச் சனிக்கிழமையும் உண்டு. அமெரிக்காவில் பள்ளி விட்ட பிறகு விளையாட்டு அணி, இசைக்குழு, நாடகம் என்று மாலை வரை பள்ளி வளாகமே ஓர் உலகமாக இருக்கும். இத்தாலியப் பள்ளி பொதுவாக அந்த வேலையைச் செய்வதில்லை. மதியச் சாப்பாட்டிலிருந்து இரவு வரை மாணவர் வீட்டில்தான் இருக்கிறார். ஆகவே வீட்டுக்குள் ஏற்படும் சிறு உரசலிலிருந்து தப்பிக்க அவருக்கு வேறு இடம் இல்லை. பல்கலைக்கழக மாணவர்களுக்கும் இது ஓரளவு பொருந்தும். மிலானில் அறை வாடகையை எதிர்த்து 2023 மே மாதம் மாணவர்கள் கூடாரம் அடித்துப் போராடினார்கள்; அத்தகைய நகரங்களில் ஒரு குடும்பத்தின் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுப்பதும் நடக்கிறது. அதே ஆண்டு நவம்பரில் இந்தியாவும் இத்தாலியும் குடிபெயர்வு, பயண ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இனி போகிறவர்களின் எண்ணிக்கை கூடத்தான் செய்யும்.

சாப்பாட்டிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் இரு நாட்டவருமே சாப்பாட்டைப் பெரிதாக மதிக்கிறவர்கள், ஆனால் மதிக்கும் விதம் வேறு. காலையில் அங்கே யாரும் சமைப்பதில்லை. பால் கலந்த காபி, இரண்டு மூன்று பிஸ்கட், சில வீடுகளில் ரொட்டியும் ஜாமும். அதையும் அவரவரே எடுத்துக்கொள்ள வேண்டும். இட்லியும் பொங்கலும் சூடாக வந்து பழகிய பிள்ளை, தன்னை யாரும் கவனிக்கவில்லை என்று முதல் வாரமே மனம் சுணங்கக்கூடும். உண்மையில் அந்த வீட்டில் காலையில் யாரையும் யாரும் கவனிப்பதில்லை. இரவு உணவு எட்டு மணி வாக்கில். தெற்கே இன்னும் தாமதம். உணவு ஒவ்வொரு வகையாக வரும்: முதலில் பாஸ்தா அல்லது ரிசோட்டோ, அதன் பிறகு இறைச்சியோ மீனோ முட்டையோ, உடன் காய்கறி, கடைசியில் பழம். வேலை நாள்களில் பல வீடுகள் இதைச் சுருக்கிக்கொள்கின்றன என்றாலும் வரிசை மாறுவதில்லை. சோறு, குழம்பு, பொரியல் எல்லாம் ஒரே தட்டில் வந்து பழகியவர் பாஸ்தாவையே முழுச் சாப்பாடு என்று நினைத்து வயிற்றை நிரப்பிக்கொள்கிறார். அடுத்து வருவதை வேண்டாம் என்கிறார். சமைத்தவருக்கு அது வருத்தமாகிறது. இருவருமே தவறு செய்யவில்லை; ஆனால் மனத்தாங்கல் ஏற்பட்டுவிட்டது.

சைவர்களின் சிக்கல் இதைவிட ஆழமானது. விண்ணப்பத்தில் சைவம் என்று குறித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நம் வீடுகளில் நினைக்கிறோம். பாஸ்தாவின் மேல் துருவிப்போடும் பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டி, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால் பாலைத் திரித்துச் செய்யப்படுவது. ரிசோட்டோவை இறைச்சி வடிசாற்றில் வேகவைப்பது சாதாரண வழக்கம். ரொமாஞ்ஞா பகுதியின் தட்டை ரொட்டியான பியதீனாவில் மரபாகப் பன்றிக் கொழுப்பு சேரும். போலோஞ்ஞா வட்டாரத்தில் வீட்டில் பிசையும் பாஸ்தா மாவில் முட்டை இருக்கும். இவற்றை அந்தக் குடும்பம் மறைக்கவில்லை. இவை சைவத்துக்குப் புறம்பானவை என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை, அவ்வளவுதான். எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக்கூடாது, எதில் விட்டுக்கொடுக்கலாம் என்று விமானம் ஏறும் முன்பே மாணவர் தனக்குள் முடிவு செய்து, பெயர் பெயராக எழுதி அனுப்ப வேண்டும். பாதி மரியாதையும் பாதி கூச்சமுமாக எதையும் சொல்லாமல் போய், பிறகு தட்டில் ஒதுக்கிவைப்பது சமைத்தவரைத்தான் புண்படுத்தும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இத்தாலியச் சாப்பாடு என்று ஒன்று இல்லை. 1861-இல் ஒரே அரசாக இணைந்த அந்த நாட்டின் சமையல் இன்றும் வட்டாரங்களாகவே இருக்கிறது. வடக்கே வெண்ணெயின் கை ஓங்கியிருக்கும், தெற்கே ஆலிவ் எண்ணெயின் கை. காரத்துக்கு ஏங்குகிறவருக்குத் தெற்கின் கலாப்ரியாவில் நல்ல மிளகாய் கிடைக்கும். வடக்கின் பியெத்மோந்தேயில் அந்த ஏக்கம் நீடிக்கும். போகிற ஊரைப் பற்றிப் படிக்காமல் நாட்டைப் பற்றி மட்டும் படித்துவிட்டுப் போவதில் பயன் குறைவு.

வீட்டு நிர்வாகம் நம் பிள்ளைகளுக்கு யாருமே சொல்லித்தராத பாடம். குளியலறையைப் பற்றி நம்மவர்கள் அதிகம் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலை தேவையற்றது. வீட்டுக்கு ஒரு குளியலறையிலாவது கழுவிக்கொள்ளும் பீங்கான் தொட்டியான பிதே இருக்க வேண்டும் என்று 1975-இல் அரசாணையே போட்ட நாடு அது. கவலைப்பட வேண்டியது மின்சாரத்தைப் பற்றி. இத்தாலிய வீடுகளின் வழக்கமான மின்னிணைப்பு 3 கிலோவாட். சலவை இயந்திரமும் மின்னடுப்பும் ஓடும்போது ஒருவர் தலைமுடி உலர்த்தியைப் போட்டால் வீடே இருளில் மூழ்கிவிடும். நேரத்துக்கேற்ற கட்டணத்தைத் தேர்ந்தெடுத்த வீடுகளில் மாலை ஏழு மணிக்குப் பிறகும் வார இறுதியிலும்தான் துணி துவைப்பார்கள், ஏனென்றால் அப்போது கட்டணம் குறைவு. சூடேற்றிக்கும் சட்டம் உண்டு. 1993-இல் வந்த விதி நாட்டை ஆறு தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரித்தது. மிலான், தூரின் இருக்கும் மண்டலத்தில் அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நாளுக்கு 14 மணி நேரம் வரை வீட்டைச் சூடேற்றலாம். தெற்கே உள்ள பலேர்மோவில் டிசம்பர் முதல் மார்ச் வரை 8 மணி நேரம். வீட்டு வெப்பநிலையின் வரம்பு 20 டிகிரி, அதற்கு மேல் 2 டிகிரி சலுகை. ரஷ்ய எரிவாயு நெருக்கடி வந்த 2022 குளிர்காலத்தில் இதையும் ஒரு டிகிரி குறைத்தார்கள். சென்னையிலிருந்து போன பிள்ளைக்கு 20 டிகிரி நடுக்கமாக இருக்கும். தன் அறைச் சூட்டைக் கூட்டிவிட்டு ஜன்னலைத் திறந்துவைத்தால், அந்த வீட்டில் அது வெறும் மறதியாகப் பார்க்கப்படாது. கட்டணச் சீட்டைப் பிரிக்கிறவர் கண்ணால் பார்க்கப்படும். குப்பையை உணவுக்கழிவு, காகிதம், கண்ணாடி, பிளாஸ்டிக் என்று பிரித்து, எந்த நாளில் எதை வெளியே வைப்பது என்று நகராட்சி அட்டவணை தருகிறது. அதைப் படிப்பது எல்லோருடைய வேலை. உணவு மேசையை அடுக்குவதும் எடுத்துவைப்பதும் பிள்ளைகளின் வேலை. நம் நடுத்தர வர்க்க வீடுகளில், குறிப்பாக ஆண்பிள்ளைகள், தட்டைக்கூடக் கழுவாமல் வளர்கிறார்கள். இத்தாலியிலும் வீட்டுவேலையின் பெரும்பாரம் பெண்கள்மீதுதான் இருக்கிறது. அதை நான் நியாயப்படுத்தவில்லை. அதனால்தான், வந்து சேர்ந்த இளைஞன் அந்தப் பாரத்தைக் கூட்டாமல் இருப்பது இன்னும் அவசியமாகிறது.

இவற்றையெல்லாம் விடக் கடினமானது பேச்சு. பெரியவர்கள் பேசும்போது குறுக்கிடாமல் இருப்பதும், தேவையை வாய்விட்டுக் கேட்காமல் இருப்பதும் நம்மிடையே நல்ல வளர்ப்பின் அடையாளம். முகத்தைப் பார்த்தே அம்மா புரிந்துகொள்வாள் என்பது நம் எதிர்பார்ப்பு. இத்தாலியச் சாப்பாட்டு மேசையில் அரசியலும் கால்பந்தும் பக்கத்து வீட்டுச் சங்கதியும் உரத்துப் பேசப்படும். அப்பாவின் கருத்தைப் பதினாறு வயது மகள் மறுத்துப் பேசுவாள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அந்த மேசையில் மௌனமாக இருப்பவர் அடக்கமானவராகத் தெரிவதில்லை, மனம் ஒட்டாதவராகத் தெரிகிறார். சாப்பிட்டு முடித்ததும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஊருக்கு வீடியோ அழைப்பு போடுவது அந்த எண்ணத்தை உறுதிப்படுத்திவிடும். இதில் நம் பெற்றோருக்கும் பங்கு உண்டு. இரவு எட்டு மணி என்பது கோடையில் நமக்குப் பதினொன்றரை, குளிர்காலத்தில் நள்ளிரவு பன்னிரண்டரை. தூங்கப்போகும் முன் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று தினமும் அழைக்கும் பெற்றோர், அந்த வீடு ஒன்றாக உட்காரும் ஒரே நேரத்தைத் தங்களை அறியாமலேயே பறித்துக்கொள்கிறார்கள்.

இதெல்லாம் போகப்போகச் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். காலம் ஆற்றும் என்ற நம்பிக்கைக்கு ஆராய்ச்சிப் பின்புலமும் உண்டு. அமெரிக்கா சென்றுவந்த நார்வே அறிஞர்களை ஆராய்ந்த ஸ்வெர்ரே லிஸ்கார்ட் 1955-இல் ஒரு வளைகோட்டை முன்வைத்தார்: 6 மாதத்துக்குக் குறைவாகத் தங்கியவர்களும் 18 மாதத்துக்கு மேல் தங்கியவர்களும் நன்றாகப் பொருந்தியிருந்தார்கள், இடைப்பட்ட காலம் தங்கியவர்கள் திணறினார்கள். முதலில் தேனிலவு, பிறகு சரிவு, பிறகு மீட்சி என்று இன்றும் பயிற்சி வகுப்புகளில் வரையப்படும் படம் இங்கிருந்து வளர்ந்ததுதான். ஆனால் நியூசிலாந்துக்குப் படிக்கப்போன ஜப்பானிய மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து காலீன் வார்டும் அவருடன் ஆய்ந்தோரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு எதிரானதைக் கண்டது. தேனிலவு என்று ஒன்று இல்லை. வந்திறங்கிய நேரத்தில்தான் சிரமம் மிக அதிகம். நாள் செல்லச் செல்ல அது குறைகிறது என்பது உண்மைதான். ஆனால் முதல் வாரங்களில் ஏற்படும் தவறான எண்ணம், சிரமம் குறைந்த பிறகும் அந்த வீட்டில் தங்கிவிடுகிறது. ஆகவே காத்திருப்பதைவிட, முதல் வாரத்திலேயே உட்கார்ந்து கேட்பது மேல்: எப்போது குளிக்கலாம், துணியை யார் துவைப்பது, வெளியே போனால் யாரிடம் சொல்வது, எத்தனை மணிக்குத் திரும்புவது, சமையலறையில் தாளித்தால் யாருக்காவது தொந்தரவா. மாணவர் கேட்கத் தயங்கினால் குடும்பம் தானாகச் சொல்ல வேண்டும்.

வலுவான மறுப்பு வேறொன்று. பழகிக்கொள் என்ற அறிவுரையை எப்போதும் வந்தவரிடமே சொல்கிறோம். குடும்பத்தில் ஒருவர் என்ற அன்பான பேச்சு, பலவற்றைச் சகித்துக்கொள்ளச் செய்யும் வழியும் ஆகலாம். இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது, அதற்குச் சான்று தமிழர்களிடமே உண்டு. பலேர்மோவில் வேரூன்றிய ஈழத் தமிழர்களில் பலர் இத்தாலிய வீடுகளில் வீட்டுவேலைக்கும் முதியோர் பராமரிப்புக்கும் போனவர்கள். அவர்களைப் போன்ற தொழிலாளருக்கு, குடும்பத்தில் ஒருவர் என்ற பேச்சை விடப் பெரிய பாதுகாப்பு, வீட்டோடு தங்கி வேலை செய்பவருக்கு வாரத்துக்கு 54 மணி நேரம் என்று வரம்பிடும் தேசியத் தொழில் ஒப்பந்தம்தான். குழந்தையைப் பார்த்துக்கொண்டு குடும்பத்தோடு தங்கும் ஓ பேர் இளைஞருக்கும் 1969-இன் ஐரோப்பிய உடன்படிக்கை பொதுவாக நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்கிறது. மேசை அடுக்குவது பங்கேற்பு. தினமும் அந்த வீட்டுக் குழந்தையைக் காவல்காப்பது வேலை. இந்தக் கோடு எங்கே என்று மாணவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவரை அனுப்பும் அமைப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும். நிறத்தையோ மதத்தையோ பற்றிய இழிசொல், அத்துமீறல், பூட்டிய அறை, பறித்துவைத்த கடவுச்சீட்டு ஆகியவை பழகிக்கொள்ள வேண்டியவையே அல்ல. அங்கே செய்ய வேண்டியது உள்ளூர்ப் பொறுப்பாளரிடம் சொல்லி வீட்டை மாற்றிக்கொள்வது. பரிமாற்றத் திட்டங்களில் வீடு மாற்றுவது நடைமுறையில் உள்ள ஏற்பாடு. அதைத் தோல்வியாகவும் குடும்ப மானத்துக்கு இழுக்காகவும் பார்க்கும் நம் பெற்றோர், புகார் சொல்லவேண்டிய பிள்ளையின் வாயை ஊரிலிருந்தே அடைக்கிறார்கள். புறப்படும் முன்பே, வீடு மாற நேர்ந்தால் நாங்கள் ஒன்றும் சொல்ல மாட்டோம் என்று பிள்ளையிடம் தெளிவாகச் சொல்லிவைப்பது பெற்றோர் கையில்தான் இருக்கிறது.