கூரை இழந்த கோவில்



முன்பு நாம் பணியாற்றிய பங்கைச் சேர்ந்த குடும்பம் ஒன்று இப்போது இங்கிலாந்தில் வாழ்கிறது. சென்ற ஆண்டுக் கோடையில் அவர்கள் இல்லத்தில் சில நாட்கள் விருந்தினராகத் தங்கியிருந்தோம். ஒரு சனிக்கிழமை காலை, "பழைய துறவு மடம் ஒன்று இருக்கிறது சாமி, பார்த்து வரலாம். பிள்ளைகள் ஓடி விளையாடவும் இடமுண்டு" என்றார் குடும்பத் தலைவர். புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு அனைவரும் புறப்பட்டோம்.

யார்க்ஷயர் பகுதியில் ரிப்பன் நகருக்கு அருகே, ஸ்கெல் என்னும் சிற்றாற்றின் கரையில் இருக்கிறது ஃபவுண்டன்ஸ் மடம். இன்று அது 1986 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். கோவிலுக்குள் நுழைந்தால் காலடியில் புல்தரை; இருபுறமும் வானளாவும் தூண்கள்; தலைக்கு மேலே திறந்த வானம். தூணுக்குத் தூண் ஓடி ஒளிந்து விளையாடிய ஏழு வயதுச் சிறுவன் திடீரென நின்று, அண்ணாந்து பார்த்துக் கேட்டான்: "சாமி, இந்தக் கோவிலுக்குக் கூரை எங்கே?"

அவனுக்குக் கதையாகவே சொன்னோம். 1132-ஆம் ஆண்டில், இன்னும் கண்டிப்பான தவவாழ்வை நாடி, யார்க் நகர்ப் பெரிய மடத்தினின்று 13 துறவியர் வெளியேறினர். பேராயர் தர்ஸ்டன் அவர்களுக்கு அளித்தது முட்புதர் மண்டிய இப்பள்ளத்தாக்கு. முதல் குளிர்காலத்தில் அவர்களுக்கு மரமே கூரையாயிற்று என்பது மரபு. வறுமை தாங்காது இடத்தைவிட்டே போய்விட எண்ணிய வேளையில், 1135-இல், யார்க் பேராலயத்து முதன்மைக் குரு ஹியூ தம் செல்வத்தோடு வந்து சேர்ந்தார். மடம் பிழைத்தது. சிஸ்டர்சியன் சபையில் இணைந்து, ஆட்டு மந்தைகளாலும் கம்பளியாலும் இங்கிலாந்தின் செல்வமிக்க மடங்களுள் ஒன்றாயிற்று. பணிச் சகோதரர்கள் உண்டு உறங்கிய கட்டடம் மட்டுமே ஏறத்தாழ 300 அடி நீளம். 1495 முதல் 1526 வரை மடாதிபதியாயிருந்த மார்மடியூக் ஹியூபி ஏறத்தாழ 160 அடி உயரக் கோபுரம் ஒன்றை எழுப்பினார்.

1539-இல் எட்டாம் ஹென்றி மன்னரின் ஆணையால் மடம் மூடப்பட்டது. நான்கு நூற்றாண்டுகளாக இரவும் பகலும் ஒலித்த திருப்பாடல்கள் ஒரே நாளில் ஓய்ந்தன. கூரையில் வேய்ந்திருந்த ஈயத்துக்கு நல்ல விலை. ஆகவே அது அகற்றப்பட்டது. எஞ்சிய வேலையை மழையும் பனியும் செய்து முடித்தன. பின்னர் மடத்துக் கற்களைக் கொண்டு அருகிலேயே மாளிகை ஒன்றும் கட்டினார்கள்.

"அப்படியானால் சுவர் முழுவதையும் யாரும் இடிக்க வேண்டியதில்லையா?" என்றான் சிறுவன்.

"வேண்டியதில்லை, தம்பி. கூரை போனால் போதும்" என்றோம்.

ஆற்றங்கரையில் அமர்ந்து உண்ணும்போது, பிள்ளைகள் எழுந்து ஓடியதும், தாய் தாழ்ந்த குரலில் சொன்னார்: "எங்கள் வீட்டுக் கூரையும் போய்விட்டது சாமி. அவருக்கு இரவு வேலை, எனக்குப் பகல் வேலை. குடும்ப செபம் நின்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, தானாகவே நின்றுவிட்டது."

அறிவுரை சொல்ல நமக்கு நா எழவில்லை. காரணம் உண்டு. நம் பங்கில் மணிக்கூண்டு எழுப்பிய ஆண்டில், உபதேசியாரோடும் சமையற்காரரோடும் நாள்தோறும் சொல்லிவந்த இரவு செபத்தை நாமே கைவிட்டோம். கணக்குப் பார்க்கவும் கொத்தனாருக்குக் கூலி கொடுக்கவுமே மாலைப்பொழுது சரியாயிருந்தது. கூண்டு உயர்ந்தது, செபம் திரும்பவில்லை. ஹியூபியின் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தபோது நமக்கு வெட்கமாயிருந்தது.

அத்துறவியர் செபத்தை விட்டதால் மடம் அழிந்தது என்று நாம் சொல்லவில்லை. அவர்கள் கூரையைப் பறித்தது அரச ஆணை. நம் இல்லங்களுக்கோ எந்த அரசனும் ஆணை அனுப்பவில்லை. இன்று களைப்பு, நாளை விருந்தினர், மறுநாள் தொலைக்காட்சி என்று ஒவ்வொரு தகடாக நாமே கழற்றுகிறோம். சுவர்கள் நிற்பதால் வீடு நிற்கிறது என்று எண்ணிக்கொள்கிறோம்.

அன்றிரவு தந்தை வேலைக்குப் புறப்படுமுன், அனைவரும் முழந்தாளிட்டு ஒரு பத்து மணி மட்டும் செபித்தோம். முடியுமுன்னே சிறுவன் தாயின் மடியில் உறங்கிவிட்டான். எவரும் அவனை எழுப்பவில்லை.

அன்பர்களே, நின்றுபோன வீட்டில் 53 மணிச் செபமாலையை ஒரே நாளில் மீட்க முயல வேண்டாம். ஒரு பத்து மணியில் தொடங்குங்கள். பதின்மூவர் ஒரு மரத்தடியில்தான் தொடங்கினார்கள். நாமும் ஊர் திரும்பிய அன்றே உபதேசியாரை அழைத்துத் தொடங்கிவிட்டோம்.