ஒரு பாட்டு பேண்டா? போங்கய்யா!

"பென் ஃபோல்ட்ஸ் ஃபைவா? அந்த 'பிரிக்' பாட்டு பேண்டு தானே? ஒரே ஹிட்டோட காணாமப் போயிட்டாங்களே!" இப்படி யாராவது சொன்னா எனக்குப் பத்திக்கிட்டு வரும். இவங்களைப் பத்திப் பேசறவங்கள்ல ரெண்டு கோஷ்டி உண்டு. ஹிட்டை எண்ணிப் பார்த்து ஃபெயில் மார்க் போடற கோஷ்டி ஒண்ணு. "சோனிக்குப் போனாங்க, கதை முடிஞ்சுது. சுயேச்சையா இருந்தப்போ தான் நல்லா இருந்தாங்க"ன்னு ஜல்லியடிக்கிற இண்டி கோஷ்டி இன்னொண்ணு. ரெண்டு பேர் சொல்றதும் தப்பு. ஏன்னு சொல்றேன்.

தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. 1993-ல அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம், சாப்பல் ஹில்லில் ஆரம்பிச்ச பேண்டு இது. பேர்ல தான் அஞ்சு, ஆளுங்க மூணு பேர். பென் ஃபோல்ட்ஸ் பியானோ வாசிச்சுப் பாடுவார், ராபர்ட் ஸ்லெட்ஜ் பேஸ், டேரன் ஜெஸ்ஸி டிரம்ஸ். லீட் கிடாருக்கு ஆளே கிடையாது! நிர்வாணா வந்து போட்ட போடுல ராக்னாலே உறுமற கிடார்னு ஆகியிருந்த காலம் அது. அந்தக் காலத்துல பியானோவை நடுவுல வச்சு ராக் பண்றதுக்கு ஒரு தில் வேணும். கிடார் இல்லாத குறை தெரியாம இருக்க, ஸ்லெட்ஜ் தன் பேஸையே டிஸ்டார்ஷன்ல போட்டு உறும விட்டார். ஒரு எலக்ட்ரானிக் கீபோர்டைக் கக்கத்துல இடுக்கிட்டுப் போயிருக்கலாம். ஆனா நிஜ பியானோவை வண்டியில ஏத்தி, கிளப் கிளப்பா தாங்களே தூக்கி இறக்கி வாசிச்சாங்க.

இப்போ இண்டி கோஷ்டி கிட்ட வருவோம். 1995-ல வந்த முதல் ஆல்பம் பாசெஞ்சர்ங்கற சின்ன லேபிள்ல வந்தது. "பார்த்தீங்களா, சுயேச்சை!"ம்பாங்க. அய்யா, பாசெஞ்சர் யாரோடது? கரோலைன் ரெக்கார்ட்ஸோடது. கரோலைன்? வர்ஜினோடது. வர்ஜினை 1992-லயே இஎம்ஐ வாங்கியாச்சு. ஆக, புனிதமான அந்த முதல் ஆல்பமும் ஒரு பெரிய முதலாளி வீட்டுத் திண்ணையில தான் உட்கார்ந்திருந்தது.

ரெண்டாவது ஆல்பம் 1997-ல சோனியின் 550 மியூசிக்ல வந்தது. பெரிய கம்பெனிக்குப் போனதும் பளபளன்னு ஒரு ஸ்டூடியோவுக்கா ஓடினாங்க? ஃபோல்ட்ஸ் வாடகைக்கு இருந்த வீட்டுக்குள்ளயே பெரும்பகுதியை ரெக்கார்ட் பண்ணாங்க. அதுல வந்தது தான் 'பிரிக்'. ஃபோல்ட்ஸ் பள்ளிக்கூடத்துல படிச்சப்போ அவரோட காதலிக்கு நடந்த கருக்கலைப்பைப் பத்தின சோகமான பாட்டு. ஆல்பத்துல துள்ளிக் குதிக்கிற, நக்கலடிக்கிற பாட்டுங்க அத்தனை இருக்க, ரேடியோவுல ஓடினது இது. ஒரு பேண்டோட அடையாளத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத பாட்டை வச்சு அந்த பேண்டையே எடை போட்டா எப்படி?

அடுத்து என்ன பண்ணியிருக்கணும்? கணக்குப்படி இன்னும் பத்து 'பிரிக்'. 1999-ல என்ன பண்ணாங்க தெரியுமா? 'தி அன்ஆத்தரைஸ்ட் பயாகிரஃபி ஆஃப் ரைன்ஹோல்ட் மெஸ்னர்'னு வாயில நுழையாத பேர்ல ஒரு ஆல்பம். அந்தப் பேர், ஜெஸ்ஸியும் அவர் நண்பர்களும் சின்ன வயசுல போலி அடையாள அட்டையில போட்டுக்கிட்ட பேர். 1978-ல ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாம எவரெஸ்ட் ஏறின நிஜ மெஸ்னர் ஒருத்தர் இருக்கார்ங்கறதே பிறகு தான் தெரிஞ்சுதாம்! உள்ளே ட்ரம்பெட், வயலின் கூட்டம், ஒண்ணுக்குள்ள ஒண்ணு போற பாட்டுங்க, போதாக்குறைக்கு ஃபோல்ட்ஸோட அப்பா ஆன்சரிங் மெஷின்ல விட்ட மெசேஜை வச்சே ஒரு ட்ராக். முந்தின ஆல்பம் அளவுக்கு விக்கலை. 2000-ல பேண்டு கலைஞ்சுது.

என் கட்சி இங்க தான். இவங்க முழு சுதந்திரமா வேலை பார்த்தது சோனி வீட்டுக்குள்ள தான். கை விட்டது யாரு? கம்பெனியை மட்டும் திட்டிட்டு நாம நழுவ முடியாது. "இன்னொரு பிரிக் போடு"ன்னு எதிர்பார்த்த ரசிகனும் முதலாளி தான் சாமி.

"அதான் 2012-ல ரசிகர்கள் காசுல திரும்பி வந்தாங்களே"ன்னு இண்டி கோஷ்டி கை தூக்கும். வந்தாங்க, சந்தோஷம். பிளெட்ஜ்மியூசிக் மூலமா ரசிகர்கள் முன்பணம் கட்ட, அந்த ஆல்பம் பில்போர்டு 200-ல 10-ஆம் இடம் பிடிச்சது. ஆனா அதே பிளெட்ஜ்மியூசிக் 2019-ல திவாலாகி, பல கலைஞர்களுக்குச் சேர வேண்டிய பணம் அம்போன்னு போச்சு. கம்பெனி போய் வெப்சைட் வந்தது, அவ்வளவு தான். நடுவுல கல்லாப்பெட்டி கிட்ட ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறது மாறலை.

ஹிட் இல்லாம சோறு வருமான்னு கேட்டா, வராது. ஒத்துக்கறேன். 'பிரிக்' ஓடலைன்னா 1999 ஆல்பத்துக்கு அந்த வயலின் கூட்டமே வந்திருக்காது. ஆனா ஹிட்டுங்கறது வண்டிக்குப் போடற பெட்ரோல். எத்தனை லிட்டர் போட்டாங்கன்னு மட்டும் பார்த்துட்டு, வண்டி எங்க போச்சுன்னு பார்க்காம இருக்கலாமா? அடுத்த தடவை 'ஒரே ஹிட்'னு சொல்றதுக்கு முன்னாடி மெஸ்னர் ஆல்பத்தை முதல் பாட்டுலேர்ந்து கடைசி வரைக்கும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேளுங்க. அப்புறம் சண்டைக்கு வாங்க.

டிஸ்கி: கேக்காம திட்டற பின்னூட்டம் வெளியிடப்பட மாட்டாது. கேட்டுட்டுத் திட்டினா தாராளமா வெளியிடப்படும் :)