கருத்தைப் பிடித்துக் கதையை விட்டோர்: ஆபிரிக்கச் சிறுகதைகளின் மொழியும் எடுத்துரைப்பும்

ஆபிரிக்கச் சிறுகதைகளைப் பற்றி நம்மிடையே எழுதப்படும் கட்டுரைகளிற் பெரும்பாலானவை ஒரே பாதையிற் செல்கின்றன. ஆசிரியர் எந்நாட்டவர், அந்நாடு எப்போது விடுதலை பெற்றது, கதை எந்த அநீதியை எதிர்க்கிறது என்பன முதலிற் கூறப்படும். பின்னர் கதைச்சுருக்கம். ஈற்றில், நடை எளிமையானது, நேரடியானது, மண்வாசனை மிக்கது என்று ஒரு வாக்கியம். அவ்வொரு வாக்கியத்துடன் கலை பற்றிய பேச்சு முடிந்துவிடும். அந்த வாக்கியத்தின் மீதே இக்கட்டுரை வழக்குத் தொடுக்கிறது. எளிமை என்று நாம் கடந்துபோகும் இடத்திலேதான் இவ்வெழுத்தாளர்கள் தம் வாதத்தை வைத்திருக்கின்றனர். யார், எந்த மொழியில், யாரை நோக்கிப் பேசுகிறார் என்பதே பல கதைகளில் கதைப்பொருளாக உள்ளது. அதைக் காணாதவர், தாம் பெரிதும் போற்றும் சமூகச் செய்தியையும் முழுமையாகக் கண்டாரல்லர்.

சினுவா ஆச்சிபேயின் 'உள்நாட்டுச் சமாதானம்' என்னும் கதையை எடுத்துக்கொள்வோம். 1967 முதல் 1970 வரை நடைபெற்ற நைஜீரிய உள்நாட்டுப் போர் அப்பொழுதுதான் ஓய்ந்திருக்கிறது. ஜொனதன் இவேக்பு என்பவன் தன் தலையும் மனைவியின் தலையும் நான்கு பிள்ளைகளுள் மூவரின் தலைகளும் தப்பியதையே பெரும் பேறாகக் கருதிப் பிழைப்பைத் தொடங்குகிறான். செல்லாக்காசாகிவிட்ட பயாப்ரா நாணயத்தை ஒப்படைத்தமைக்காக அரசாங்கம் அவனுக்கு இருபது பவுண் கொடுக்கிறது. அன்றிரவே கள்வர் வந்து அதைக் கொண்டுசெல்கின்றனர். வழமையான கட்டுரையாளர் இதிலிருந்து 'போருக்குப் பிந்திய வறுமை' என்னும் தலைப்பை எடுத்துக்கொண்டு விடைபெறுவார்.

ஆனால் அந்த இருபது பவுணுக்குக் கதையிலே ஒரு பெயர் உண்டு. அலுவலகங்களில் அது 'எக்ஸ் கிரேசியா'. சட்டக் கடப்பாடு எதுவுமின்றிக் கருணையினால் வழங்கப்படும் கொடை என்பது அவ்விலத்தீன் தொடரின் பொருள். சனங்களின் வாயில் அது 'எக்-ராஷர்' ஆகிவிடுகிறது. முட்டையையும் பன்றியிறைச்சித் துண்டையும் நினைவூட்டும் ஒலி அது. அலுவலகப் பெயர் பலருக்கு வாயில் நுழையவில்லை என்று மட்டும் கூறிவிட்டு ஆசிரியர் அப்பால் நகர்கிறார். அரசின் கருணை ஒரு வேளைச் சாப்பாடாகச் சுருங்கியதை அவர் விளக்கவில்லை; விளக்கவேண்டிய தேவையும் அவருக்கில்லை.

கள்வர் கதவைத் தட்டும் பகுதி இதனினும் கூர்மையானது. குடும்பத்தினர் அயலாரையும் பொலிசாரையும் கூவி அழைக்கின்றனர். எவரும் வரவில்லை. உடனே வெளியில் நிற்கும் கள்வரே, உதவி செய்வதாகச் சொல்லி, பிட்ஜின் ஆங்கிலத்திலே கூட்டாகக் குரலெழுப்பிப் பொலிசாரை அழைக்கின்றனர். அதன்பின் அவர்களின் தலைவன், வேண்டுமாயின் இராணுவத்தினரையும் அழைப்போமா என்று பணிவோடு வினவுகிறான். கதைத் தலைப்பாகிய தொடரைக் கதையில் உச்சரிப்பவன் இவனே. போர் முடிந்தது, இனிச் சமாதானம் என்னும் அரசாங்கப் பிரகடனம், துப்பாக்கி வைத்திருப்பவன் வாயிலிருந்து, பிட்ஜினில், நள்ளிரவில், பூட்டிய கதவுக்கு வெளியிலிருந்து வருகிறது. அக்கூற்றைச் செந்தரமான ஆங்கிலத்திற்கு மாற்றிப் பாருங்கள், கதை இறந்துவிடும். 'எளிய நடை' என்று நாம் எழுதியது இதைத்தான்.

செனகல் எழுத்தாளர் செம்பேன் உஸ்மானின் 'லா நுவார் டு…' 1962இல் வெளிவந்த 'வோல்ற்றெய்க்' தொகுதியில் உள்ளது. தலைப்பின் ஈற்றிலுள்ள புள்ளிகள் அச்சுப்பிழையல்ல. 'டு' என்னும் பிரெஞ்சு இடைச்சொல் 'இன்ன இடத்திலிருந்து வந்த' என்றும் 'இன்னாருக்கு உரிய' என்றும் இருபொருள் தருவது. டக்காரிலிருந்து பிரான்சின் ஆன்ரீப் நகருக்கு எசமானரோடு செல்லும் வேலைக்காரி டியுவானா இவ்விரண்டில் எது என்பதைத் தலைப்பே கேட்டுவிட்டு நின்றுவிடுகிறது. அவளின் மரணத்தை விசாரிக்க அதிகாரிகள் வருவதுடன் கதை தொடங்கிப் பின்னோக்கிச் செல்கிறது. எசமானியோடு பேசுகையில் அவளுக்கு வாய்ப்பவை உடைந்த சில பிரெஞ்சுச் சொற்கள். தனக்குள் எண்ணுகையிலோ எண்ணங்கள் முழு வாக்கியங்களாக ஓடுகின்றன. இவ்விடைவெளி முழுவதும் நமக்குத் தெரியும். அவ்வீட்டில் எவருக்கும் தெரியாது. கடைசியில் ஒரு பத்திரிகை, தன் நான்காம் பக்கத்தின் மூலையொன்றில், அச்சாவை வீட்டேக்கத்தின் விளைவாக்கி ஒற்றை வரியில் முடித்துவைக்கிறது. மூன்றாவதாக வரும் அந்தப் பத்திரிகை மொழியே கதையின் கொடூரம். 1966இல் அவரே இயக்கிய திரைப்படத்தை ஆங்கிலப் பெயரால் மட்டும் அறிந்தோர்க்கு அப்புள்ளிகள்கூட இல்லை. 'கறுப்புப் பெண்' என்னும் இரு சொற்களே மிச்சம்.

அலெக்ஸ் லா கூமாவைப் பற்றிச் சுருக்கமாகவே கூறலாம். எழுத்துகள் தடைசெய்யப்பட்டு 1966இல் தென்னாபிரிக்காவை விட்டு வெளியேறிய அவரை 'எதிர்ப்பிலக்கியக்காரர்' என்ற ஒரு சொல்லில் அடக்குவது நம் வழக்கம். அவருடைய 'எலுமிச்சந் தோப்பு' கதையில், வெள்ளையர் சிலர் கலப்பினத்து ஆசிரியரொருவரைக் கைகளைக் கட்டி, குளிரிரவில் தோப்பினூடே சாட்டையடிக்காக நடத்திச் செல்கின்றனர். அடி விழுமுன் கதை முடிகிறது. முடியும் இடத்தில் நம் மூக்கில் நிற்பது எலுமிச்சையின் நறுமணம். வன்முறையைக் காட்டாமல் நிறுத்திக்கொண்ட அந்த அடக்கம் எதிர்ப்பைக் குறைத்ததா? கட்டுண்டவரின் மௌனத்தையும் அவரைப் பதில் சொல்லுமாறு மிரட்டுவோரின் ஓயாத பேச்சையும் அருகருகே வைத்துப் படிப்பவர் அவ்வாறு சொல்லமாட்டார்.

உருவவாதிகள் இதுவரை கூறியவற்றைக் கேட்டு மகிழ்ந்திருக்கக்கூடும். அவர்களிடமும் கணக்குத் தீர்க்கவேண்டியிருக்கிறது. 'ஆசிரியர் கூறக்கூடாது, காட்டவேண்டும்' என்னும் விதியை வேதவாக்காகக் கொண்ட இவர்கள், பெஸி ஹெட்டின் 'செல்வங்களைச் சேகரிப்பவள்' கதையில் இடறி விழுவர். கணவனைக் கொன்ற டிகெலெடி சிறைக்குக் கொண்டுவரப்படுவதுடன் தொடங்கும் கதை, இடையிலே நின்றுவிடுகிறது. ஆடவர் இருவகையினர் என்று கூறி, மூதாதையர் காலம், குடியேற்ற ஆட்சியும் சுரங்கக் கூலியும் நிலவிய காலம், சுதந்திரத்திற்குப் பிந்திய காலம் என மூன்று கட்டங்களில் குடும்பம் சிதைந்த வரலாற்றை ஆசிரியர் நேரடியாகவே எடுத்துரைக்கிறார். 'ஆசிரியர் குறுக்கிடுகிறார், ஒருமை கெடுகிறது' என்று எழுதி மாணவப் பருவத்தில் யானும் நல்ல புள்ளிகள் பெற்றிருக்கிறேன். இன்று அவ்விடைத்தாளைத் திரும்பக் கேட்கவே விருப்பம். 1977இல் வெளிவந்த அத்தொகுதியின் உபதலைப்பு அக்கதைகளைப் பொட்ஸ்வானாக் கிராமக் கதைகள் என்றே அறிவிக்கிறது. ஊரின் கதையைச் சொல்பவருக்கு, கொலைகாரியைக் காட்டுமுன் ஊர் எப்படி இந்நிலைக்கு வந்தது என்று சொல்லும் உரிமை உண்டு, பொறுப்பும் உண்டு. அப்பகுதியை நீக்கினால் எஞ்சுவது பத்திரிகையின் குற்றச்செய்தி. டியுவானாவின் சாவைப் பத்திரிகை எழுதியதும் அப்படித்தான்.

'வாய்மொழி மரபின் செல்வாக்கு' என்பது நம் கட்டுரைகளின் மற்றொரு தஞ்சம். பழமொழி இரண்டைக் காட்டினால் அது நிறுவப்பட்டுவிடும்! கானா நாட்டு அமா அட்டா ஐடூ (1942–2023) 1970இல் வெளியிட்ட முதல் தொகுதியில், மரபென்பது கதையின் எலும்புக்கூடாகவே இருக்கிறது. அதிலொரு கதையில், அக்ரா நகரில் காணாமற்போன சகோதரியைத் தேடிச் சென்ற இளைஞன் ஊர் திரும்பி மாமன்மாருக்கும் உறவினருக்கும் நடந்ததைக் கூறுகிறான். கதை முழுவதும் அவனுடைய பேச்சு. கேட்போரின் அதிர்ச்சியும் அழுகையும் அவன் அளிக்கும் மறுமொழிகளிலிருந்தே நமக்குப் புலனாகின்றன. தொண்டை காய்கிறது, குடிக்கத் தாருங்கள் என்று அடிக்கடி நிறுத்துகிறான். பஸ்ஸிலிருந்து இறங்கிய இடத்தை வருணிக்க முடியாமல் திணறுகிறான். இவற்றைக் 'கிராமியச் சுவை' என்று குறித்துக்கொள்பவர், அவன் ஏன் தாமதிக்கிறான் என்று கேட்பதில்லை. சகோதரியை இரவுக்களியாட்ட விடுதியில் எந்நிலையில் கண்டான் என்பதைத் தாயின் முன் அவன் சொல்லியாகவேண்டும். ஒவ்வொரு மிடறும் அந்தச் சொல்லை ஒரு கணம் தள்ளிப்போடுகிறது. அதே தொகுதியின் இன்னொரு கதையில், மரணச்சடங்குக்குச் செல்லும் இரு பெண்களின் உரையாடலைத் தவிர எடுத்துரைப்போர் எவருமே இலர்.

இவையெல்லாம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதப்பட்டவை அல்லவா என்று கேட்கப்படலாம். நியாயமான கேள்வி. ஐரோப்பிய மொழிகளில் எழுதப்படும் ஆபிரிக்க இலக்கியம் முட்டுச்சந்து என்று நைஜீரிய விமர்சகர் ஒபி வாலி 1963இல் எழுதினார். ஆங்கிலத்தைத் தன் அனுபவத்தின் சுமையைத் தாங்குமாறு வளைக்கமுடியும் என்பது ஆச்சிபேயின் நிலைப்பாடு. 2025இல் காலமான கூகி வா தியாங்கோ, 1977இல் கிகுயு மொழியில் நாடகமெழுதி மேடையேற்றியதன் பின் சிறைசென்றார். 2016இல் அவர் கிகுயுவில் எழுதிய சிறுகதையொன்று பல மொழிகளுக்குப் பரவியது. நாம் 'ஆபிரிக்கச் சிறுகதை' என்று கூறுவது உண்மையில் 1962இல் ஆரம்பித்த ஹைனமன் ஆபிரிக்க எழுத்தாளர் வரிசையும் அதன் வழிவந்தவையுமே. சுவாஹிலி, ஹவுசா, அம்ஹாரிக் மொழிகளில் எழுதப்படுபவை நம் கட்டுரைகளிலே இல்லை. ஓர் அலமாரியைக் கண்டம் என்று அழைக்கிறோம்.

இம்மொழிப்பிரச்சினை ஈழத்தவராகிய நமக்குப் புதிதல்ல. ஒபி வாலி எழுதிய அதே 1960களின் முற்பகுதியில், முற்போக்கு எழுத்தாளர் பேச்சுமொழியைக் கையாண்டதை 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர் பழிக்க, மரபுப் போராட்டம் மூண்டது. பேச்சுமொழி பக்கமே வென்றது. வென்ற பின்னர் என்ன செய்தோம்? 'மண்வாசனை' என்னும் முத்திரையைச் செய்து எல்லாவற்றின் மேலும் குத்தத் தொடங்கினோம். அன்று பண்டிதர் கேட்க மறுத்த குரலை இன்று நாம் முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிடுகிறோம்.

ஆச்சிபேயின் கள்வரைத் தமிழ்ப்படுத்த முனைபவர்க்கு இது வெறும் கோட்பாட்டுப் பிரச்சினையாக இராது. அவர்களை எழுத்துத்தமிழில் பேசவைத்தால் அவர்கள் கிராமசேவையாளரின் கடிதம்போற் பேசுவர். யாழ்ப்பாணத்து அல்லது மட்டக்களப்புப் பேச்சுமொழியைக் கொடுத்தால், வாசகர் உடனே அவர்களுக்கு ஊரும் சாதியும் கற்பித்துவிடுவர். பிட்ஜினோ பெரும்பாலார்க்குத் தாய்மொழியல்லாத, பல இனத்தாரும் சந்தையிலும் பாசறையிலும் பகிர்ந்துகொள்ளும் மொழி. கொழும்புச் சந்தைத் தெருக்களிற் சிங்களமும் ஆங்கிலமும் விரவ வழங்கும் தமிழே அதற்குச் சற்று அருகில் வரும் என்பது என் எண்ணம். பண்டிதரும் முற்போக்காளரும் ஒருங்கே முகஞ்சுளிக்கக்கூடிய தமிழ் அது. 'எக்-ராஷர்' என்பதற்கு மட்டும் இன்னும் எனக்குச் சொல் கிடைக்கவில்லை.