கல்லில் நின்ற தமிழ் பலகையில் நில்லாதா?



அருள்புரத்தில் பிறந்து, பின்னலாடை வாணிகத்தின் பொருட்டுச் சீனஞ் சென்று வாழும் என் பழைய மாணவன் ஒருவன், அண்மையில் தான் தங்கியுள்ள சுவாஞ்சௌ என்னும் பழம்பெரு நகரைச் சுற்றிப் பார்த்துவிட்டு எனக்கு மடல் விடுத்தான். உடன் ஒரு கல்வெட்டின் ஒளிப்படம். "ஐயா, இஃது எந்த மொழி? நம் எழுத்தைப் போல் தோன்றுகிறதே!" என வினவியிருந்தான். மகிழ்வும் நாணமும் ஒருங்கே என்னைப் பற்றின.

அந்நகர் யாது? தென்கீழ்ச் சீனத்து மதில்சூழ் துறைநகர். மதிலைச் சூழ முள்முருக்க மரங்கள் நடப்பட்டமையால் முருக்கநகர் என்றே வழங்கப் பெற்றது. அயல்நாட்டு வணிகர் அதனைச் சைத்தூன் என்றனர். மார்க்கோ போலோ அதனை உலகின் மிகப்பெருந் துறைகளுள் ஒன்றெனப் போற்றினான். அதன் 22 இடங்களை 2021-இல் யுனெசுகோ உலக மரபுச் செல்வமாக ஏற்றது.

அந்நகரில்தான் கி.பி. 1281-இல், குப்லாய்கான் ஆண்ட காலத்தே, சம்பந்தப்பெருமாள் என்னும் தமிழர் சிவபெருமான் திருவுருவை எழுந்தருளச் செய்து, அதனைத் தமிழிற் கல்லில் வெட்டுவித்தார். யானை இலிங்கத்தை வழிபடுவதும், ஆ பால் சொரிவதும் அங்குள்ள கற்களிற் செதுக்கப் பெற்றுள்ளன. கையுவான் புத்தப்பள்ளியின் தூண்களிற் கண்ணனும் ஆளரியும் இன்றும் நிற்கின்றனர். பின்னாளிற் கோயில் அழிந்தது. அதன் கற்கள் மதிலிலும் பிற கட்டடங்களிலும் புதைந்தன. 20-ஆம் நூற்றாண்டில் மதிலை இடித்த காலை அத்தகு கற்கள் பல வெளிப்பட்டன. தமிழ்க் கல்வெட்டு 1956-இல் கண்டெடுக்கப் பெற்றது. கோயில் வீழ்ந்தது, மதில் வீழ்ந்தது, தமிழ் எஞ்சியது!

கடல் கடந்த கல்லில் எஞ்சிய தமிழ், அருள்புரத்துப் பலகையில் எஞ்சியதா? பல்லடஞ் சாலையில் ஒருநாள் நடந்து பாருங்கள். பின்னலாடை நிறுவனங்களின் பெயர்கள் வானளாவ ஆங்கிலத்தில் நிற்கின்றன. தமிழ், இடமிருந்தால் ஓர் ஓரத்தில் எறும்பூர்ந்தாற் போல் கிடக்கின்றது. பெயர்ப்பலகையில் தமிழே முதன்மை பெறல் வேண்டும் என்னும் அரசு விதி ஏட்டில் உறங்குகின்றது. வடபுலத்தினின்று பிழைக்க வந்த தொழிலாளர்மேல் நமக்குச் சினமில்லை. ஒடியத் தொழிலாளி தன் மகவோடு ஒடியத்திலேயே பேசுகின்றான். அவனைப் பணிகொள்ளும் தமிழ் முதலாளியோ தன் மகவோடு ஆங்கிலத்திற் பேசுகின்றான். தன் மொழியை இழந்தவன் யார்?

"வாணிகத்திற்கு ஆங்கிலம் வேண்டுமே!" என்பர். வேண்டும்; மறுப்பாரில்லை. சீனம் வேண்டுமெனின் சீனமுங் கற்க. ஆயின் அக்கல்லை உற்று நோக்குக: தமிழோடு சீன எழுத்தும் அதிற் காணப்படுகின்றது. அவ்வணிகர் சீனரோடு கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தவர். சீனப் பேரரசனின் ஆட்சியிற் குடியிருந்தவர். ஆயினும் தம் இறைவன் முன் தமிழைத் துறந்தாரல்லர். பிறமொழி அவர்க்குக் கருவி. தமிழோ அவர்தம் முகவரி. நாமோ கருவியைப் பூசை மாடத்தில் ஏற்றி, முகவரியைக் குப்பையில் எறிந்தோம்.

என் மாணவனைப் பழிப்பதற்கில்லை. எழுநூறாண்டு முந்திய எழுத்தை ஒரு நோக்கிற் படித்தல் யார்க்கும் அரிதே. அது தமிழெனத் துணியவும் இயலாமற் போனதே என் வருத்தம். அவன் பத்தாம் வகுப்புவரை என்னிடந் தமிழ் பயின்றான். மேனிலை வகுப்பில், மதிப்பெண் மிகுமெனக் கருதிப் பெற்றோர் அவனைப் பிரஞ்சுக்கு மாற்றினர். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டமும் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. அதுமட்டுமன்று, குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. முப்பதாண்டு தமிழாசிரியனாய் இருந்தும், ஒரு மாணவனையேனும் அருகிலுள்ள கோயிலுக்கு அழைத்துச் சென்று, "இது நின் பாட்டன் எழுத்து, படி!" எனச் சொன்னேனல்லேன். வினாவும் விடையும் ஒப்புவிக்கச் செய்தேன், மதிப்பெண் வாங்கித் தந்தேன், மொழியைத் தந்தேனல்லேன். இவ்வாண்டு முதல் திங்கட்கு ஒரு ஞாயிறு கல்வெட்டின் முன் வகுப்பு நடத்துவதென உறுதி பூண்டுள்ளேன்.

நீவிர் செய்யத்தக்கன மூன்று: நும் கடையின் பலகையைத் தமிழில் முதன்மையாக எழுதுக. நும் மக்களை மேனிலை வகுப்பிலும் தமிழ் பயிற்றுக. அயல்நாடு செல்லும் இளைஞர்க்குக் கடவுச்சீட்டோடு தமிழெழுத்தையுங் கொடுத்தனுப்புக.

மாணவனுக்கு விடை எழுதினேன்: "தம்பி, அது நின் மொழி. நீ சென்ற வழியில் நின் முன்னோர் எழுநூறாண்டுக்கு முன்னரே சென்றுளர். அவர் கல்லை விட்டுச் சென்றனர். நீ எதனை விட்டு வரப்போகின்றாய்?"

அவ்வினா அவனுக்கு மட்டுமன்று, நமக்குந்தான்!