பொருந்தாதது குழந்தையா, பள்ளியா?

வகுப்பில் வாய் திறவாத குழந்தை, ஓயாது சண்டையிடும் குழந்தை, பள்ளிக்கு வரவே மறுக்கும் குழந்தை ஆகியோரைச் சூழலுக்குப் பொருந்தாதவர்கள் எனப் பள்ளிகள் முத்திரை குத்துகின்றன. காரணம் குழந்தையின் இயல்பிலோ பெற்றோரின் அக்கறையின்மையிலோ தேடப்படுகிறது. அக்குடும்பத்தின் உழைப்பு நிலைமைகளில் அது தேடப்படுவது அரிது.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் இதற்குத் தக்க சான்று. மானாவாரி நிலமும் அடிக்கடி வரும் வறட்சியும் மராத்வாடாவின் ஏழை விவசாயிகளைக் கரும்பு வெட்டும் கூலிகளாக்குகின்றன. முகாதம் எனப்படும் ஒப்பந்தக்காரரிடம் முன்பணம் பெறும் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே ‘கொய்தா’வாக, அதாவது ஓர் அரிவாளாகக் கணக்கிடப்படுகின்றனர். தீபாவளியையொட்டி மேற்கு மகாராஷ்டிரத்திற்கும் வட கர்நாடகத்திற்கும் புறப்படுவோர் ஐந்தாறு மாதங்கள் கழித்தே ஊர் திரும்புகின்றனர்.

ஜூனில் தொடங்கும் பள்ளியாண்டின் பாதி இவ்வாறு தொலைகிறது. உடன் செல்லும் சிறுமி தார்ப்பாய்க் குடிலில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள், தண்ணீர் சுமக்கிறாள். அருகிலிருப்பது கன்னடவழிப் பள்ளியெனில், மராத்தி மட்டுமே அறிந்த அவள் அங்கே ஊமையாகிறாள். ஊரில் பாட்டியிடம் விடப்படும் சிறுவனோ பெற்றோரைப் பிரிந்த ஏக்கத்தோடு வகுப்பில் அமர்கிறான். இந்த மௌனத்திற்கும் ஏக்கத்திற்கும் பள்ளி சூட்டும் பெயர்தான் ‘பொருந்தாமை’.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டம், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கையையும் சிறப்புப் பயிற்சியையும் உறுதியளிக்கிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கலாகாது என்கிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையோ, புலம்பெயர் தொழிலாளர் குழந்தைகளுக்கென மாற்றுக் கல்வி மையங்களைப் பரிந்துரைத்து, அவற்றிற்குச் சிவில் சமூக அமைப்புகளின் துணையை நாடுகிறது. சட்டம் அளித்த உரிமையைத் தொண்டாகச் சுருக்கும் வழி இது.

பள்ளிகளில் மனநல ஆலோசகர்கள் தேவையே. ஆனால் முகாதமின் கடனை ஆலோசனையால் அடைக்க இயலாது. ஊரிலேயே அரசின் பருவகால விடுதிகள், வெட்டுக் களங்களுக்கருகில் தாய்மொழி ஆசிரியர்கள், குழந்தையோடு மாநில எல்லை கடக்கும் கல்விப் பதிவேடு, இச்செலவில் ஆலைகளின் கட்டாயப் பங்கு ஆகியவை உடனடிக் கோரிக்கைகள். விடுதி வருகைப் பதிவேட்டைக் காக்கும். பெற்றோரைப் பிரிந்த துயரை ஆற்றாது. ஆகவே உள்ளூரில் பாசனமும் வேலையும் கோரும் போராட்டம் குழந்தைகளுக்கான போராட்டமும் ஆகும்.

வெட்டுக்கூலி உயர்வுக்கான கோரிக்கைப் பட்டியலில் குழந்தைகளின் கல்வியும் முன்வரிசையில் இடம்பெற வேண்டும். அதற்குத் தொழிற்சங்கமும் ஆசிரியர் இயக்கமும் கைகோப்பது அவசியம்.