கொளுத்தவும் கற்றுக்கொடுக்க வேண்டும்

போன மாசி மாதம் நண்பர் ஒருவரின் தோப்பில் ஒன்பது முந்திரி மரங்கள் கருகிப்போயின. எல்லாம் பூவும் பிஞ்சுமாக இருந்த மரங்கள். பக்கத்து நிலத்துக்காரர் கரும்பு வெட்டி முடித்துவிட்டு, கிடந்த சோகைக்குத் தீ வைத்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பியிருக்கிறது. தீ வரப்பைத் தாண்டி முந்திரிச் சருகில் பிடித்துக்கொண்டது. தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் எரிய வேண்டியது எரிந்துவிட்டது.

பேசித் தீர்க்க என்னையும் கூப்பிட்டார்கள். தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவன் என்றால் ஊரில் இதற்கெல்லாம் ஒரு நாற்காலி போட்டுவிடுவார்கள். தீ வைத்தவர் கெட்டவர் இல்லை. கண் கலங்கி நின்றார்.

"நாப்பது வருசமா கொளுத்துறேன் சார். இந்த மாதிரி ஆனதே இல்ல."

"எத்தன மணிக்கு வச்சீங்க?"

"சாப்புட்டுட்டு வந்து வச்சேன். ஒரு மணி இருக்கும்."

"காத்து எந்தப் பக்கம் அடிச்சுது?"

கொஞ்சம் யோசித்தார். "அதெல்லாம் யாரு சார் பாத்தா?"

நஷ்ட ஈடு பேசி முடித்து, டீ குடித்துவிட்டுக் கிளம்பினேன். அந்தப் பதில் மட்டும் வீடு வரை கூடவே வந்தது. சோகையை எரிக்காமல் நிலத்திலேயே பரப்பி மக்கவிட்டால் மண்ணுக்கு நல்லது என்று வேளாண் துறை சொல்கிறது. அது சரிதான். ஆனால் எரிப்பவர்கள் எரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கொளுத்தாதே என்று சொல்ல ஆள் உண்டு, கொளுத்தினால் எப்படிக் கொளுத்துவது என்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. வயலுக்கும் இதே கதை, காட்டுக்கும் இதே கதை. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

நம் ஊர்க்காரர்களுக்குத் தீ புதிது இல்லை. பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்குச் சூளை எப்படி வேலை செய்யும் என்று தெரியும். முதல் சில மணி நேரம் மெதுவாகத்தான் சூடேற்றுவார்கள். மண்ணில் மிச்சம் இருக்கும் ஈரம் போவதற்குள் அவசரப்பட்டால் பொம்மை வெடித்துவிடும். புகைபோக்கியின் தடுப்பைக் கொஞ்சம் திறந்தால் இழுவை கூடும், மூடினால் குறையும். இதைப் படிக்க நம் ஊரிலேயே அரசு நிறுவனம் இருக்கிறது. ஒரு அகல்விளக்கையும் ஃப்யூஸ் கட்டையையும் வேகவைக்கவே இத்தனை படிப்பு. ஒரு மலையில் எரியும் தீயைப் பற்றிப் படிக்க வேண்டாமா?

மலைத் தீயை நான் முதலில் பார்த்தது கள்ளக்குறிச்சிப் பக்கம் வேலைக்குப் போனபோது. அப்போது அதெல்லாம் ஒரே தென்னாற்காடு மாவட்டம். பங்குனி ராத்திரியில் கல்வராயன் மலை மேல் சிவப்பு மாலை போட்ட மாதிரி ஒரு கோடு தெரியும். "மலை எரியுது, மழை வரும்" என்று வீட்டுக்கார அம்மா சொல்வார். நானும் அழகாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அதன் மறுபக்கம் புரிந்தது 2018இல்.

அந்த ஆண்டு மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் ஏறிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. மொத்தம் 23 உயிர்கள் போயின. பெரும்பாலும் இளம் வயதினர். அந்த வாரம் தொலைக்காட்சியை அணைத்து வைத்துவிட்டேன், பார்க்க முடியவில்லை.

சரிவில் எரியும் தீ மேட்டைப் பார்த்துத்தான் ஓடும். கீழே எரியும் சூடு மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடும். பள்ளமான ஓடை வழி இருந்தால் அது நம் சூளையின் புகைபோக்கி மாதிரி தீயை இழுக்கும். அதனால் தீக்கு மேலே ஏறி ஓடக்கூடாது, ஓடைக்குள் பதுங்கக்கூடாது. முடிந்தால் ஏற்கெனவே எரிந்து கருத்த இடத்துக்குப் போய்விட வேண்டும், எரிந்த இடம் மறுபடி எரியாது. இது தீயோடு வேலை செய்பவர்களுக்கு அரிச்சுவடி. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

விபத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்கு அரசு விதிகள் கொண்டுவந்தது. வேண்டியதுதான். ஆனால் தீயை அணைக்கப் போகிறவர்களும் சாகிறார்கள். 2020 பிப்ரவரியில் கேரளத்தில் திருச்சூர் மாவட்டம் தேசமங்கலம் பக்கம் காட்டுத்தீயை அணைக்கப் போன வனக் காவலர்கள் மூன்று பேர் அதிலேயே கருகிப்போனார்கள். மலையடிவாரத்து ஏழை ஆட்களைக் கோடைக்கு மட்டும் கூலிக்கு எடுத்து, பச்சைக் கிளையை ஒடித்துக் கையில் கொடுத்து அடித்து அணைக்கச் சொல்வதுதான் பல இடங்களில் இன்னமும் நடப்பது. தீ பிடித்த இடத்தைச் செயற்கைக்கோள் பார்த்துச் சொல்கிறது, கைப்பேசிக்குச் செய்தி வந்துவிடுகிறது. அங்கே போய் நிற்கப்போவது யார், அவருக்கு என்ன தெரியும் என்பதுதான் என் கேள்வி.

காட்டில் தீ வைப்பது குற்றம். 1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம் முதற்கொண்டு அப்படித்தான். வெள்ளைக்காரனுக்குத் தேக்கு முக்கியம், தீ அதற்கு எதிரி. அதற்கு முன்பே காட்டில் வாழ்ந்தவர்களுக்கோ தீ ஒரு கருவி. சத்தியமங்கலத்துக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோளகர்கள் தை மாத வாக்கில், சருகு முழுக்கக் காய்வதற்கு முன்பே, சின்னச் சின்னதாகத் தீ வைப்பார்களாம். அதற்கு 'தரகு பெங்கி' என்று பெயர். தரகு என்றால் சருகு, பெங்கி என்றால் தீ. முழங்கால் உயரம் கூட எழும்பாமல் சருகை மட்டும் தின்றுவிட்டு அணைந்துவிடும். பங்குனி சித்திரையில் பெரும் தீ வந்தால் தின்ன ஒன்றும் மிச்சம் இருக்காது.

1974இல் அந்த மலை சரணாலயம் ஆனது, பிறகு இந்தத் தீ நின்றது. நின்றதும் உண்ணிச்செடி காட்டை மூடிக்கொண்டது, நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியது என்று சோளகர் பெரியவர்கள் சொல்கிறார்கள். ஆராய்ச்சியாளர்களும் அவர்களிடம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். உண்ணிச்செடி பரவியதற்குத் தீயை நிறுத்தியது ஒன்றுதான் காரணமா என்று அறிவியல்காரர்கள் வாதிடட்டும். அந்தப் புதர் காய்ந்து தீப்பிடித்தால் ஆள் உயரத்துக்கு எரியும், அதில் சந்தேகம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வனத்துறையே ஒவ்வொரு கோடைக்கு முன்பும் தீத்தடுப்புக் கோடு போடுகிறது. பாதை ஓரத்துப் புல்லை வெட்டி, காயவைத்து, தானே எரிக்கிறது. ஆக, அளவாக எரித்தால் காடு பிழைக்கும் என்பது துறைக்குத் தெரியாத விஷயம் இல்லை. கோப்பில்தான் அதற்கு வேறு பெயர்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். கண் இடம் கொடுக்கும்போது இன்றைக்கும் பிரெஞ்சில் ஏதாவது படிப்பேன். அப்படித்தான் 'ப்ரூலாஜ் திரிஜே' என்ற சொல் கண்ணில் பட்டது. நெறிப்படுத்திய எரிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். பிரான்ஸின் தெற்கிலும் பிரனே மலைகளிலும் 1980களிலிருந்து இதை முறையாகச் செய்கிறார்கள். தீயணைப்பு வீரர், வனத்துறை ஆள், ஆடு மாடு மேய்ப்பவர் மூவரும் சேர்ந்து குளிர்காலத்தில் எரிப்பார்கள். பொறுப்பேற்று நடத்துபவர் அதற்கென்றே பயிற்சி பெற்றிருக்க வேண்டும்.

அமெரிக்கா ஒரு காலத்தில் நம்மைவிடப் பிடிவாதமாக இருந்தது. 1935இல் அங்கே வனத்துறை ஓர் உத்தரவு போட்டது: எந்தக் காட்டுத்தீயையும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அணைத்துவிட வேண்டும். நம் ஆபீஸ் சுற்றறிக்கை மாதிரியே இருக்கிறது, இல்லையா? அணைத்து அணைத்துக் காட்டில் சருகும் கட்டையும் சேர்ந்து, பின்னாளில் வந்த தீ அணைக்க முடியாததாகிவிட்டது. இப்போது பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பகுதிவாரியாகப் பயிற்சி முகாம் நடத்துகிறார்கள். கலிஃபோர்னியாவில் க்ளமத் ஆற்றுப் பக்கம் கரூக், யூரோக் பழங்குடிகளும் அதில் கற்றுக்கொடுக்கிறார்கள். ஒரு காலத்தில் தீ வைத்ததற்காக அவர்களைத் தண்டித்த நாடு அது.

முகாமில் முதல் வேலை திட்டம் எழுதுவது. காற்று எவ்வளவு, எந்தத் திசை, ஈரப்பதம் எவ்வளவு, யார் எங்கே நிற்பது, தப்பிக்க வழி எது என்று எல்லாம் எழுத்தில். பிறகு ஒரு மூலையில் சின்னதாக வைத்துப் பார்ப்பார்கள். சரியாக நடந்தால் மேலே போவார்கள், இல்லாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. காற்றோடு ஓடும் தீ வேகமாக உயரமாக எரியும், காற்றை எதிர்த்து நகரும் தீ மெதுவாகத் தாழ்வாக எரியும். பெரும்பாலும் எதிர்த் தீயில்தான் தொடங்குவார்கள்.

இதில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2022இல் நியூ மெக்சிகோவில் வனத்துறை தானே வைத்த தீ கைமீறி, வேறொரு தீயோடு சேர்ந்து, 3 லட்சத்து 40 ஆயிரம் ஏக்கருக்கு மேல் எரித்தது. பல நூறு வீடுகள் போயின. உடனே நாடு முழுவதும் 90 நாள் இந்த வேலையை நிறுத்தி, எங்கே தவறினோம் என்று ஆராய்ந்து, விதிகளை இறுக்கி, மறுபடி தொடங்கினார்கள். கைவிடவில்லை. சூளை ஒருமுறை வெடித்தால் சூளையையா இடிக்கிறோம்?

நம் நாட்டில் அனுமதி கொடுத்தால் ஆளுக்கு ஆள் தீப்பெட்டியோடு காட்டுக்குள் போய்விடுவார்கள் என்று சிலர் பயப்படுவார்கள். நியாயமான பயம். அதோடு எல்லாக் காட்டுக்கும் தீ பொருந்தாது. நீலகிரி, பழனி மலைச் சோலைகளில் தீயே படக்கூடாது, ஒருமுறை எரிந்தால் திரும்ப வளர ஒரு ஆயுள் போதாது. எங்கே வைக்கலாம், எங்கே கூடவே கூடாது என்று தெரிந்திருப்பதுதான் பயிற்சி. தெரியாதவன் கையில் தீப்பெட்டி இப்போதும் இருக்கத்தான் இருக்கிறது.

குரங்கணி இருக்கும் அதே தேனி மாவட்டத்தில், வைகை அணையில் வனப் பணியாளர்களுக்கான அரசுப் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. அங்கே தை மாதத்தில் ஒரு முகாம் நடத்தட்டும். வனக் காப்பாளர், தீயணைப்புத் துறையினர், கோடைக் காவலுக்கு வரும் கூலி ஆட்கள் எல்லோரும் சேர்ந்து உட்காரட்டும். சோளகர், இருளர் பெரியவர்களை வேடிக்கை பார்க்க அல்ல, பாடம் நடத்தக் கூப்பிடட்டும், மதிப்பூதியமும் கொடுக்கட்டும். அந்தப் பெரியவர்களுக்கும் என் வயதுதான் இருக்கும். எங்கள் வயதுக்காரர்களை ரொம்ப நாள் காக்கவைப்பது நல்லதல்ல.

காடு இல்லாத நம் பக்கத்துக்கும் ஒன்று கேட்கிறேன். ஏப்ரல் 14 முதல் தீத்தொண்டு வாரத்தில் தீயணைப்பு நிலையத்தார் பள்ளிகளுக்குப் போய் சிலிண்டர் தீயை அணைத்துக் காட்டுகிறார்கள். நல்ல காரியம். கரும்பு வெட்டு தொடங்கும்போது ஒரு நாள் வயலுக்கும் வரலாமே. நம் அப்பா காலத்தில் வெயில் தாழ்ந்து காற்று அடங்கின பிறகுதான் வைப்பார்கள். சுற்றிலும் ஒரு பாகம் சுரண்டி, குடத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, பக்கத்து நிலத்துக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் வைப்பார்கள். அந்தப் பழக்கம் எப்போது விட்டுப்போனது என்று உங்களில் யாருக்காவது நினைவிருந்தால் எழுதுங்கள்.

விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு ஒரு பக்க மனு எழுதினேன். ஒன்பது மரம் இழந்த நண்பரும் தீ வைத்தவரும் இரண்டு பேருமே கையெழுத்துப் போட்டார்கள். தீ வைத்தவர் பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "சொல்லிக்குடுத்தா கத்துக்க மாட்டமா சார்?" என்றார். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வந்திருக்கிறது. முப்பத்தைந்து வருடம் அந்தச் சீட்டை மற்றவர்களுக்குக் கொடுத்தவன் நான், பதில் எப்போது வரும் என்பது எனக்குத் தெரியாததா? வந்தால் சொல்கிறேன்.